வாசலைத் தாண்டாத சட்டம்

மலேசிய உணவகங்களில் புகைபிடிக்க 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கேரித் தீவின் செம்பனைத் தோட்டத்து ஒட்டுக்கடையாக இருக்கட்டும், கிள்ளானின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையாக இருக்கட்டும், சிகரெட் பற்றவைப்பவர் 3 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். பக்கத்து மேசையில் தேநீர் குடிக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கு நாடு தரும் பாதுகாப்பு இது. அதே மனிதர் வீடு திரும்பி, ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து பற்றவைத்தால் கேட்பாரில்லை. 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்த புதிய சட்டமும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

கர்ப்பிணிகளுக்குப் புகையின் கேடு பற்றிய விழிப்புணர்வு வேண்டும் என்கிறோம். வேண்டியதுதான். ஆனால் 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் 15 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களில் 40.5 விழுக்காட்டினர் புகைபிடிக்கிறார்கள், பெண்களில் 1.2 விழுக்காட்டினர். பிடிப்பவர் ஒருவர், பாடம் கேட்பவர் இன்னொருவர். இது எந்த வகையில் நியாயம்?

கேடு என்னவென்பதில் சந்தேகமே இல்லை. நிக்கோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டிலும் இழப்பு கருவுக்குத்தான். புகைபிடிக்கும் தாய்மாரின் குழந்தைகள் எடை குறைந்து பிறப்பதை 1957இலேயே அமெரிக்காவில் வினியா சிம்சன் எழுதிவிட்டார். கணவனின் புகை மனைவியின் நுரையீரலில் புற்றாக முடிவதை 1981இல் ஜப்பானின் தக்கேஷி ஹிராயாமா காட்டினார். அடுத்தவர் விடும் புகையும் குழந்தையின் எடையைக் குறைக்கும், செத்துப் பிறக்கும் அபாயத்தைக் கூட்டும் என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட செய்தி.

நம் குடும்பங்களுக்குக் கர்ப்பிணியின் மேல் அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பப்பாளியைத் தொடவிடமாட்டார்கள், அன்னாசியைக் கண்ணில் காட்டமாட்டார்கள், வளைகாப்புக்குக் கடன் வாங்கியாவது ஊரைக் கூட்டுவார்கள். அவள் வாயில் போடுவதை வீடே கண்காணிக்கிறது. அவள் மூச்சில் போவதை யாரும் பார்ப்பதில்லை. (வாயிலும் ஒன்று தப்பிவிடுகிறது. தோட்டப்புறத்தில் வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கம் உண்டு. 'புகைபிடிப்பீர்களா?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். அந்தப் புகையிலையும் கருவைத் தாக்கும்.)

புகையின் கேடு அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மாமனாரிடம் 'வெளியே போய்ப் பிடியுங்கள்' என்று சொல்ல அவளால் முடியுமா? சொல்ல முடியாதவளுக்கு அந்த அறிவு குற்ற உணர்ச்சியாகத்தான் மிஞ்சும். குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தால் 'நீ ஒழுங்காகச் சாப்பிட்டாயா?' என்று விசாரணையும் அவளிடமே வரும்.

புகைபிடிப்பவர் தரப்பிலும் நியாயம் உண்டு. வெயிலில் செம்பனைக் குலை அறுத்து வந்தவரின் களைப்பு பொய்யில்லை. நிக்கோடின் அடிமைத்தனம் மன உறுதியால் மட்டும் விடுவதும் இல்லை. ஆனால் இங்கே கேட்பது இன்றே விட்டுவிடுங்கள் என்றல்ல. வீட்டுக்குள் வேண்டாம் என்பதுதான். சன்னலைத் திறந்தாலோ அடுத்த அறைக்குப் போனாலோ போதாது, புகை நகர்ந்து வரும். 'என் வீடு, என் காசு' என்பது வயிற்றுப் பிள்ளைக்குச் சொல்லும் பதிலாகாது. அது எழுந்து வேறு இடம் போக முடியாது.

அதற்காகச் சட்டம் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதும் சரியல்ல. புகார் கொடுத்த மனைவியே முதலில் அடிபடுவாள். வழி தாய்சேய் நலக் கிளினிக்கில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட பரிந்துரைகள், கர்ப்பிணியிடம் வீட்டுப் புகை பற்றி விசாரிக்கச் சொல்வதோடு, கணவரிடமும் வீட்டாரிடமும் நேரடியாகப் பேசவும் சொல்கின்றன. பரிசோதனைக்கு அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வரும் கணவர் பெரும்பாலும் வெளியேதான் காத்திருக்கிறார். தாதி அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தக் கேள்வியை அவரிடமே கேட்கலாம். மனைவி வீட்டில் பயந்து பயந்து சொல்ல வேண்டிய வார்த்தை அங்கேயே சொல்லி முடிந்துவிடும்.