தூண்டாமணி விளக்கும் வெடித்த விண்மீனும்



படைத்தலும் அழித்தலும் ஒருவனுடைய தொழில்களே என்று சைவசமய பாடத்தில் நாம் மனனம் செய்திருக்கிறோம். வானத்தைப் பார்த்தாலும் இது விளங்கும். விண்மீன் வெடித்து அழிவதைச் சுப்பர்நோவா என்பர். நம் இரத்தத்திலுள்ள இரும்பும் எலும்பிலுள்ள கல்சியமும் பெரும்பாலும் அப்படிச் சிதறியவையே.

இன்று சொல்ல வந்தது அவற்றில் ஒரு வகையை. சென்னையில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகையில் ஒரு கணக்கைத் தொடங்கினார். வெண்குள்ளன் எனப்படும் முதிர்ந்த விண்மீன் சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்குமேல் தாங்காது என்று அது பின்னர் நிலைபெற்றது. வெண்குள்ளன் வெடிக்கும்போது தரும் ஒளியைச் சிறு திருத்தங்களுடன் ஒரே அளவாகக் கொள்ளலாம். மூலஸ்தானத்துத் தூண்டாமணி விளக்கின் சுடர் எவ்வளவு என்று தெரிந்தவர், வெளிவீதியில் நின்றே தூரத்தைக் கணிக்கலாம் அல்லவா? தூரம் இருமடங்கானால் ஒளி காற்பங்கு.

அண்டத்தின் விரிவு எவ்வளவு தளர்கிறது என்று இவ்விளக்குகளால் அளக்கவே இரு குழுவினர் புறப்பட்டனர். 1998இல் வந்த விடை வேறு. தொலைவிலுள்ள வெடிப்புகள் எதிர்பார்த்ததிலும் மங்கலாக இருந்தன, விரிவு விரைவடைகிறது. கணக்குத் தொழிலில் பரீட்சை மீதி பொருந்தாவிட்டால் வித்தியாசத்தை ஒளிக்காமல் தொங்கல் கணக்கில் இடுவோம். அவர்களும் அதையே செய்தார்கள். அந்தத் தொங்கல் கணக்குக்கு இருள்சக்தி என்று பெயர். அண்டத்தின் மொத்தத்தில் அது ஏறத்தாழ 68 வீதம்! 2011இல் நோபல் பரிசும் கிடைத்தது.

இன்னும் தொலைவுக்குக் காமாக்கதிர் வெடிப்புகள் உண்டு. 2009 ஏப்ரல் 23இல் கண்ட ஒன்று, அண்டத்துக்கு 63 கோடி வயதானபோது புறப்பட்ட ஒளி. ஆனால் அவற்றின் சுடர் ஒன்றுபோல் ஒன்றில்லை. அளவுகோலாக அவ்வளவு நம்ப முடியாது.

ஐந்தொழிலில் மறைத்தல் என்பதே இந்த இருள்சக்தி, நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று மேடையில் முழங்கினால் கைதட்டு விழும். நாம் அப்படிச் சொல்லலாகாது. மறைத்தல் ஆன்மாவுக்கு மலபரிபாகம் வருவதற்கான அருட்செயல். தொலைநோக்கிக்கு அகப்படும் பொருளன்று. 2025இல் வெளியான அளவீடுகள் இருள்சக்தி காலத்தோடு தளரக்கூடும் என்று காட்டுகின்றன, முடிவாகவில்லை. நாளை அந்தத் தொகை மாறினால் சிவபெருமானின் தொழிலையுமா திருத்தி எழுதுவோம்? பௌதிகம் படிக்கும் நம் பிள்ளைகள் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கோயிலுக்கு வருவதை மெல்லக் குறைத்துக்கொள்வார்கள்.