ஒரு பிடி என்பது எவ்வளவு?



சமையல் குறிப்புகளில் "ஒரு கைப்பிடி" என்று அடிக்கடி பார்க்கிறோம். ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. யார் கை? என் கையா, உங்க கையா? யாரும் கேட்கிறதே இல்ல.

அரிசி அளக்க நம்ம முன்னோர்கள் தெளிவான கணக்கு வச்சிருந்தாங்க. 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி, 8 படி 1 மரக்கால். 1956-ல் சட்டம் வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமா கிலோவும் லிட்டரும் அந்த இடத்தைப் பிடிச்சது. படிக்கு அரசு முத்திரை இருந்தது. பிடிக்கு முத்திரை கிடையாது. அப்படின்னா, அந்த அளவில் நேர்மை எப்படி வரும்?

இதற்குப் பதிலை எங்க அம்மாகிட்டதான் நான் கத்துக்கிட்டேன்.

எங்க வீடு பழநிக்குப் பாதயாத்திரை போகிற சாலையில், ஒட்டன்சத்திரம் பக்கம். தினமும் உலையில் அரிசி போடுறதுக்கு முன்னாடி அம்மா ஒரு பிடி எடுத்து, மூலையில் இருக்கும் மண்பானையில் போடுவாங்க. தைப்பூசத்துக்கு நடந்து வர்றவங்களுக்கு அந்த அரிசியில்தான் சாப்பாடு. சில நாள் என்னைப் போடச் சொல்வாங்க. "என் கை சின்னதும்மா, கம்மியா வரும்" என்பேன். "உன் கைக்கு அதுதான் ஒரு பிடி. முருகனுக்குத் தெரியும் சாமி" என்பாங்க.

நான் ஆறாவது படிக்கும்போது அப்பாவுக்கு வேலை போச்சு. ஒரு கட்டத்தில் வீட்டில் அரிசி சுத்தமா தீர்ந்துடுச்சு. அன்னைக்கு ராத்திரி அம்மா அந்தப் பானையைத் திறந்தாங்க.

அப்பத்தா பதறிட்டாங்க. "ஏத்தா, முருகனுக்குன்னு வச்சதைத் தொடலாமா?"

அம்மா நிதானமா சொன்னாங்க. "பசிச்சு வர்றவங்களுக்குன்னுதானே அத்தை வச்சோம். இன்னைக்குப் பசி நம்ம வீட்டுக்கே வந்திருக்கு."

எட்டுப் பிடி எடுத்தாங்க. எடுத்ததிலிருந்து ஒரு பிடியைத் திரும்பப் பானையிலேயே போட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. "அப்ப ஏழுதானேம்மா எடுத்திருக்கோம்?"

"இல்ல. போட்டது இன்னைக்கு உள்ள பிடி. கடன் எட்டு எட்டுதான்."

காலண்டர் ஓரத்தில் எட்டுக் கோடு போட்டாங்க. மூணு ராத்திரி அப்படி நடந்தது. மொத்தம் 24 கோடு. அதுக்குள்ள அப்பாவுக்கு ஒரு லாரி செட்டில் வேலை கிடைச்சது. அதுக்கப்புறம் தினமும் ரெண்டு பிடி. ஒண்ணு அன்னைக்கு உள்ளது, ஒண்ணு கடன். கடன் பிடி போட்டதும் ஒரு கோட்டை அடிப்பாங்க.

ஒருநாள் கடன் பிடியை நான் போடுறேன்னு கையை நீட்டினேன். அம்மா தடுத்துட்டாங்க. "எடுத்தது என் கை. உன் கையால போட்டா கணக்குத் தப்பும்."

கொடுக்கும்போது என் சின்னக் கை போதும்னு சொன்ன அதே அம்மா, திருப்பும்போது விடல. அப்போ புரியல. இப்போ புரியுது. கொடுக்கிறதுக்கு எந்தக் கையும் சரியான அளவுதான். திருப்பிக் கொடுக்கிறதுக்கு மட்டும், எடுத்த கையே வரணும். பிடிக்கு முத்திரை குத்துறது அரசாங்கம் இல்ல, நம்ம மனசாட்சி.

சரி, சாமிக்கு வச்ச அரிசியை எடுத்தது தப்பா? எனக்குத் தப்பாகத் தோணல. கந்தகோட்டத்து முருகனைப் பாடிய வள்ளலார் 1867-ல் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். அங்கே மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரியுது. பசியாற்றுவதே வழிபாடு என்றால், அந்த மூணு ராத்திரியும் எங்க வீட்டில் நடந்தது வழிபாடுதான். ஆனா "அவசரத்துக்கு எடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே எடுப்பது சுலபம். அந்த 24 கோடு இல்லாமல் இருந்திருந்தா, அது வெறும் சாக்காகப் போயிருக்கும்.

இப்போ நான் சென்னையில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன். ரைஸ் குக்கரோட வந்த கப்பில் அளந்து சமைக்கிறேன். அன்னதானத்துக்கு மாசம் ஒருமுறை போனிலேயே பணம் அனுப்பிட்டிருந்தேன். அது நல்லதுதான், குறை சொல்லல. ஆனா பணம் அனுப்பின அடுத்த நிமிஷமே மறந்துடுறேன். அம்மாவுக்கு அது தினமும் ஞாபகம் இருந்தது. நம்ம கையில் இருக்கிறது எல்லாமே நமக்கில்லைன்னு ஒவ்வொரு நாளும் கைக்கே சொல்லித் தர்ற பழக்கம் அது.

போன மாசம் ஒரு டப்பா வாங்கி வச்சேன். என் கைப்பிடியைத் தராசில் வச்சுப் பார்த்தேன், ஏறக்குறைய 40 கிராம். மாசத்துக்கு 1 கிலோ 200 கிராம்தான். அதை வச்சு ஊருக்கே சோறு போட முடியாது. ஆனா சமைக்கிற ஒவ்வொரு நாளும் ஒரு தடவை அடுத்தவங்க பசியை நினைக்கிறேன்.

நீங்களும் இன்னைக்கே ஒரு டப்பா வச்சுப் பாருங்க. உங்க கை எவ்வளவோ, அதுதான் ஒரு பிடி. எப்பவாவது அதிலிருந்து எடுக்க வேண்டி வந்தா எடுங்க. கோடு போட மட்டும் மறந்துடாதீங்க.

வேலும் மயிலும் துணை!