எடுத்தவர் கடன்

மண்ணீரல் வேண்டாத உறுப்பு என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அதனை நீக்கிய பின்னரும் மனிதன் உண்கிறான், உழைக்கிறான், பிள்ளை பெறுகிறான். ஆதலின் அதனால் ஆவதொன்றில்லையெனச் சத்திரவைத்தியரும் துணிந்தனர். இத்துணிவு தவறென்பதை 1919 ஆம் ஆண்டிலேயே மொறிஸ், புல்லொக் என்னும் இருவர் எலிகளிற் செய்த பரிசோதனை காட்டிற்று. ஆயினும் 1952 இல், அமெரிக்காவின் இந்தியானாவிலே, மண்ணீரல் நீக்கப்பட்ட ஐந்து குழந்தைகளைப் பின்னர் கடுந்தொற்றுப் பீடித்ததைக் கிங், ஷூமாக்கர் ஆகியோர் எழுதிய பின்னரே வைத்திய உலகம் இதனைப் பொருட்படுத்தலாயிற்று.

குருதியை வடிகட்டும் இவ்வுறுப்பு, உறை போர்த்த கிருமிகளை, சிறப்பாக நியூமோகொக்கசுவை, பிடித்து அழிக்கின்றது. அஃது இல்லாதவருக்குக் காலையிற் கண்ட குளிர்காய்ச்சல் மறுநாளுக்குள் உயிரைக் கொண்டுபோதலும் கூடும். அத்தகைய தொற்று முற்றியவருட் பாதிப்பேர் வரையில் இறக்கின்றனர். முதற் சில ஆண்டுகளில் ஆபத்து மிகுதி. எனினும் ஆயுள் முழுவதும் அது முற்றாக நீங்குவதில்லை.

நாம் சத்திரசிகிச்சையைப் பழிக்கவில்லை. விபத்திலே சிதைந்து குருதி பெருக்கும் மண்ணீரலை எடுத்தே ஆகவேண்டிய நிலை உண்டு. நமது நாட்டிலே குருநாகல் முதலிய பகுதிகளிற் காணப்படும் தலசீமியாப் பிள்ளைகளுட் சிலருக்கும், மண்ணீரல் வீங்கி, இரத்தம் ஏற்றும் தேவை பெருகும்போது அதனை நீக்க நேர்கின்றது. எடுத்தது சரியே. எடுத்தபின் அம்மனிதருக்கு என்ன சொல்லப்பட்டது என்பதே நமது வினா.

கூலிவேலை செய்யும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வீடு திரும்பும்போது கொடுத்த அட்டை ஆங்கிலத்தில் இருக்கின்றது. அதனைப் பக்குவமாகப் பெட்டியில் வைக்கிறார். பத்தாண்டு கழித்துக் காய்ச்சல் வருகின்றது. கடையிலே இரண்டு பனடோல் வாங்கி விழுங்கிவிட்டு, ஒருநாட் சம்பளத்தை இழக்க மனமின்றி வேலைக்குப் போகிறார். அவரை அறியாமைக்காகக் குறை கூற யாருக்கு உரிமை உண்டு?

நோயாளியை வீணே அச்சுறுத்தலாகாது என்பாரும் உளர். இவ்விரக்கம் எல்லோர்மீதும் ஒருபடித்தாய்ப் பொழிவதில்லை என்பதை நாம் கண்டிருக்கிறோம். படித்தவர் கேட்டால் வைத்தியர் கதிரையை இழுத்துப் போட்டு விளக்குகிறார்; சாரம் கட்டியவரிடம் மட்டும் அவர் மனம் நோகக்கூடாதென்ற கரிசனை பிறந்துவிடுகின்றது! நூறு பேர் வரிசையில் நிற்க, தனியொரு வைத்தியரை நோவதிலும் பயனில்லை. ஆனால் விளக்கிச் சொல்வதற்கென ஓர் ஊழியரைக்கூட நியமிக்காத ஏற்பாடு தற்செயலாய் அமைந்ததன்று.

நியூமோகொக்கசு, மெனிங்கோகொக்கசு ஆகியவற்றுக்குத் தடுப்பூசி உண்டு. நாள் குறித்துச் செய்யும் சிகிச்சையாயின் இரண்டு வாரம் முன்னரே போடலாம். பென்சிலினும் உண்டு. இவற்றோடு தமிழிலோ சிங்களத்திலோ நான்கு வரி எழுதிய அட்டை ஒன்றும் வேண்டும்: உமக்கு மண்ணீரல் இல்லை, காய்ச்சல் வந்தால் அன்றே வாரும், இரவானாலும் வாரும், வந்தவுடன் இந்த அட்டையைக் காட்டும். எழுத்தறியாதவரெனின், அவர் வாயாலே அதனைத் திருப்பிச் சொல்லக் கேட்ட பின்னரே வீட்டுக்கு அனுப்புதல் வேண்டும்.