"சத்தியம் பண்ணலாமா, பாஸ்டர்?"



போன மாதம் உபவாச ஜெபம் முடிந்ததும் நம் சகோதரி ஒருவர் ஒரு முத்திரைத்தாளோடு வந்து நின்றார். ரேஷன் கார்டில் ஒரு பேர், ஆதாரில் ஒரு பேர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் கேட்டிருக்கிறார்கள். "பாஸ்டர், சத்தியமே பண்ணக் கூடாதுன்னு மத்தேயு 5-ல ஆண்டவர் சொல்லியிருக்காரே. இதுல கையெழுத்துப் போட்டா பாவமா?"

நல்ல கேள்வி. நம்மில் அநேகர் அந்தத் தாளை வாசிக்கிறதே இல்லை. டைப் அடித்தவர் விரலை வைத்துக் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம்.

வாங்கிப் பார்த்தேன். "சாலம்லி அஃபர்ம் அண்ட் டிக்ளேர்" என்று இருந்தது. "ஸ்வேர்" என்ற வார்த்தை இல்லை. தேவபிள்ளைகளே, இங்கிலீஷில் இவை எல்லாம் ஒன்று அல்ல. ஸ்வேர் என்றால் ஆணையிடுவது, தேவனுடைய நாமத்தைச் சாட்சிக்கு இழுப்பது. அஃபர்ம் என்றால் என் சொல்லை நானே உறுதிப்படுத்துவது. "ஃபர்ம்" அதற்குள்ளேயே இருக்கிறது. டிக்ளேர் என்பதற்குள் "கிளியர்" இருக்கிறது, தெளிவாக வெளியே வைப்பது. கல்ஃபிலிருந்து வருகிற நம் சகோதரர்களுக்குத் தெரியும், ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரர் "எனிதிங் டு டிக்ளேர்?" என்று கேட்பார். பெட்டிக்குள்ளே இருக்கிறதை நீயே வெளியே சொல் என்று அர்த்தம். ப்ரொக்ளெய்ம் என்பது உரக்கக் கூவி அறிவிப்பது. அது சுவிசேஷத்துக்கு ஏற்றது, நோட்டரி ஆபீசுக்கு ஆகாது. இதில் ஒரு வேடிக்கை, அஃபிடவிட் என்ற பேருக்கே லத்தீனில் "ஆணையிட்டுச் சொன்னான்" என்றுதான் அர்த்தம்!

அந்த "அஃபர்ம்" சும்மா வந்த வார்த்தை அல்ல. அதற்காக ஜனங்கள் ஜெயிலில் கிடந்தார்கள். இங்கிலாந்தில் குவேக்கர் என்ற விசுவாசிகள், அதே மத்தேயு 5-ஐயும் யாக்கோபு 5:12-ஐயும் பிடித்துக்கொண்டு, கோர்ட்டில் ஆணையிட மாட்டோம் என்றார்கள். 1664-ல் மார்கரெட் ஃபெல் என்ற அம்மாளை லங்காஸ்டரில் நிறுத்தினார்கள். அவர்கள் ஒரு நீதிபதியின் விதவை. ராஜாவுக்கு விசுவாசமாயிருக்கிறேன் என்று ஆணையிடச் சொன்னார்கள், மறுத்துவிட்டார்கள். அதற்கு ஆயுள் சிறை, சொத்து பறிமுதல்! 1668-ல்தான் விடுதலை கிடைத்தது. ராஜாவை எதிர்த்து அல்ல, ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லமாட்டேன் என்று சொன்னதற்காக, நாலு வருஷம்.

1696-ல் பார்லிமெண்ட் இறங்கி வந்து அவர்களுக்கு வேறு வாசகம் கொடுத்தது. அதிலும் தேவனுடைய பேர் இருக்கிறதே என்று சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. 1722-ல் அதையும் எடுத்துவிட்டு, "டிக்ளேர் அண்ட் அஃபர்ம்" என்று எளிதாக்கினார்கள். பக்தியினால் திறந்த அந்த வாசலில் பிற்பாடு நாத்திகரும் நுழைந்தார்கள், 1888 சட்டம் அவர்களுக்கும் இடம் கொடுத்தது. நம் தேசத்திலும் 1969 ஆணைகள் சட்டப்படி, சாட்சி சொல்லுகிறவர் ஆணையிடுவதற்குப் பதிலாக உறுதி சொல்லலாம். பதவியேற்பு விழாவில் ஒருவர் கடவுள் பேரைச் சொல்லுவார், இன்னொருவர் "உளமார" என்பார், கவனித்திருப்பீர்கள். அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இரண்டையும் வைத்திருக்கிறது.

சகோதரியிடம், "தாராளமா போடுங்கம்மா. ஆனா உள்ள எழுதினது நிஜமான்னு ஒவ்வொரு வரியா வாசிச்சுட்டுப் போடுங்க" என்றேன்.

சொல்லிவிட்டேன், அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னே என் மகனைப் பள்ளியில் சேர்க்க ஒரு அஃபிடவிட் கொடுத்தேன். வீட்டிலே பிறந்த பிள்ளை, பிறப்பைப் பதிவு பண்ணாமல் விட்டிருந்தோம். வயசு இரண்டு மாசம் குறைந்தது. தாளில் முதலில் "ஸ்வேர்" என்று அடித்திருந்தார்கள். நான் விசுவாசி, ஆணையிட மாட்டேன், "அஃபர்ம்" என்று மாத்துங்க என்று நின்று வாங்கினேன். அதற்குக் கீழே தேதியை இரண்டு மாசம் முன்னே தள்ளி எழுதியிருந்ததை மட்டும் மாற்றச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, சாட்சியைக் காத்துக்கொண்டேன் என்ற சந்தோஷத்தோடே வீட்டுக்கு வந்தேன். மார்கரெட் அம்மாள் ஜெயிலில் இருந்து வாங்கிக்கொடுத்த வார்த்தையில் நான் ஒரு பொய்யைப் பொதிந்து வைத்தேன்.

ரோமர் 10:9-ல் அறிக்கை என்று வருகிறதே, கிரேக்கில் அந்த வார்த்தைக்கு ஒத்ததைச் சொல்லுதல் என்று பொருள். வேதாகமக் கல்லூரியில் படித்தேன், பரீட்சையிலும் எழுதினேன். வாயும் உள்ளதும் ஒத்திருக்க வேண்டும். என் வாய் ஒத்திருக்கவில்லை.

மகன் இப்போது பத்தாம் வகுப்பு. அந்தத் தேதி சான்றிதழில் அச்சாகிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். போன வாரம் அவனை உட்காரவைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்போ என் பர்த்டே எதுப்பா?" என்று கேட்டான். "வீட்டுல கேக் வெட்டுறதுதாம்ப்பா நிஜம்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி நோட்டரியிடம் போகிறோம். முதல் தாளில் நான் சொன்னது தவறு என்று இன்னொரு தாள். பள்ளியில் என்ன சொல்லுவார்களோ தெரியாது. பிரியமானவர்களே, எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்