பிரசவ அறையில் நின்ற பரந்தாமன்

பாரதப் போர் முடிந்தபோது, அதில் போரிட்ட பாண்டவப் புதல்வர்களில் எவரும் எஞ்சவில்லை. அபிமன்யுவின் மனைவி உத்தரையின் வயிற்றில் வளர்ந்த சிசு ஒன்றே குலத்தின் நம்பிக்கை. அந்தக் கருவின் மீதும் அசுவத்தாமன் அஸ்திரத்தை ஏவியிருந்தான். பிறக்குமுன்னரே ஆபத்துக்குள்ளான குழந்தையை எதிர்நோக்கி ஒரு குடும்பம் முழுவதும் கலங்கி நின்றது.

மகாபாரதத்தின் அசுவமேத பர்வம் அந்த நாளை விரிவாகச் சொல்கிறது. குழந்தை அசைவின்றிப் பிறந்தது. குந்தியும் திரௌபதியும் சுபத்திரையும் கதற, ஸ்ரீகிருஷ்ணர் விரைந்து பிரசவ அறைக்குள் நுழைந்தார். அங்கே நீர் நிறைந்த குடங்கள், நெய், கடுகு, நாற்புறமும் மூட்டிய தீ, அனுபவமிக்க முதிய பெண்கள், திறமை வாய்ந்த வைத்தியர்கள் என யாவும் முறைப்படி அமைந்திருந்தன. அவற்றைக் கண்டு பகவான் மகிழ்ந்து பாராட்டினார் என்கிறார் வியாசர்.

இந்தச் சிறு செய்தி ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. சங்கற்பத்தாலேயே உயிரளிக்க வல்லவர், வைத்தியரையும் தீயையும் துணைநின்ற பெண்களையும் அலட்சியம் செய்யவில்லை. 'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்று கூறி மருத்துவரிடம் செல்லத் தாமதிப்பது பக்தியாகாது. மனித முயற்சியும் அவன் அருளின் ஒரு வடிவமே.

37 வாரங்கள் நிறைவதற்குமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. நம் நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறக்கின்றன. குழந்தை முன்கூட்டியே பிறக்கக்கூடும் என்றோ, இருதயத்தில் குறையுள்ளது என்றோ மருத்துவர் கூறினால், அந்த முன்னறிவிப்பையே அருளாகக் கொள்ள வேண்டும். சிசு தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குத் தாயைப் பிரசவத்திற்கு முன்பே கொண்டுசெல்வது நல்லது; பயணத்தில் சிசுவுக்குத் தாயின் கருவறையைவிடப் பாதுகாப்பான ஊர்தி வேறில்லை. தக்க காலத்தில் தாய்க்கு இடப்படும் ஸ்டீராய்டு ஊசி சிசுவின் நுரையீரலை முதிர்ச்சியடையச் செய்யும். 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம், நோயுற்ற சிசுவுக்கு அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வழி செய்துள்ளது.

பிரசவ அறையில் தீ மூட்டியது எதற்காக? சிசுவுக்கு வேண்டிய வெப்பத்திற்காகவும்தான். அந்த வெப்பம் தாயின் மார்பிலேயே உள்ளது. கொலம்பியா நாட்டின் போகோட்டா நகரில் 1970-களின் இறுதியில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துவைக்கும் முறை தோன்றியது. அதுவே 'கங்காரு பராமரிப்பு'. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளிவந்த ஆய்வு, எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இப்பராமரிப்பைத் தொடங்கினால் மரணங்கள் கால் பங்கு குறைகின்றன என்று காட்டியது. மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. தாய் தளர்ந்திருக்கும் வேளையில் தந்தையும் பாட்டியும் இவ்வாறே அணைக்கலாம்.

தேவகியின் மைந்தன் யசோதையின் பாலுண்டு வளர்ந்தான். அந்தத் தாய்மை இன்றும் வாழ்கிறது. 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிதா பெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஒரு தாய் தானமளிக்கும் பால், அவள் என்றும் காணாத ஒரு சிசுவைக் காக்கிறது. நிஷ்காம கர்மத்திற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, அருகிலிருப்போரின் கடமை. 'என்ன பாவம் செய்தாளோ' என்ற சொல் எத்தனையோ தாய்மாரின் நெஞ்சைப் பிளந்திருக்கிறது. கர்மக் கொள்கை ஒருவன் தன்னைத் திருத்திக்கொள்ள அருளப்பட்டது, பிறரைத் தண்டிப்பதற்கன்று. உத்தரை புலம்பினாள். பகவான் அவளுடைய முன்வினையை விசாரிக்கவில்லை. அவள் புலம்பலைக் கேட்டார், ஆறுதல் அளித்தார், செயலில் இறங்கினார். பக்தர் செய்யவேண்டியதும் அதுவே. மருத்துவமனையில் காத்திருக்கும் தாய்க்குச் சூடான உணவு கொண்டுசெல்லுங்கள். வீட்டிலுள்ள மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்விட்டு அழமுடியாத தந்தையின் அருகில் சற்றுநேரம் அமருங்கள். கூட்டமாகச் சென்று குழந்தையைக் காணவேண்டாம். வழக்கம் என்று கூறித் தேனோ சர்க்கரை நீரோ ஊட்டவேண்டாம்.

எல்லாம் செய்தும் சில குழந்தைகள் தங்குவதில்லை. பேரனுக்காகக் கதறிய சுபத்திரை, கண்ணனின் சொந்தத் தங்கை. அவளே அபிமன்யுவைப் போரில் இழந்தவள். இறைவனுக்கு நெருங்கியவர்க்கும் துயரம் வரும். அவன் கைவிட்டான் என்பது அதன் பொருளன்று. பிரிந்த குழந்தையைத் தாய் விரும்பினால் மடியில் ஏந்தட்டும், அதற்குப் பெயரிடட்டும். 'மறந்துவிடு, இன்னொன்று பிறக்கும்' என்று எவரும் சொல்லலாகாது. ஒரு நாளே வாழ்ந்தாலும் அது முழுமையான ஓர் ஆத்மா.

உத்தரையின் மகன் உயிர்பெற்றான். பரீட்சித்து எனப் பெயர்பெற்றான். கருவில் தன்னைக் காத்தவரைக் காணும் மனிதரிலெல்லாம் அவன் தேடினான் என்று பாகவதம் கூறுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் கண் திறக்கும் சிசுக்கள் இன்றும் பலர். அவர்களைச் சூழ்ந்து நிற்போரின் கரங்கள் வழியே அந்தக் கருணை அவர்களை எட்டட்டும்.