வரிசையில் ஓர் இடம்

பழவேற்காட்டு ஏரியை நம்பி வாழும் மீனவர் ஊர்களில் 'பாடு' என்னும் முறை தலைமுறை தலைமுறையாக நிலவி வருகிறது. மீனும் இறாலும் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சில. வலை கட்டும் குடும்பங்களோ பல. எனவே எக்குடும்பம் எந்நாளில் எவ்விடத்தில் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முறைப்படுத்துகின்றனர். முறை சுழன்று வருவதால், நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை. வலியவன் எளியவனை முந்த இயலாத இவ்வொழுங்கு போற்றத்தக்கதே.

இவ்வாறு சுழன்று வரும் ஒழுங்கு இயற்கையிலும் உண்டு. ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுடன் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை 2010-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அங்கே நீரினின்று பிரிக்கப்படும் உப்பில் சோடியமும் குளோரினும் உள்ளன. லித்தியமும் பொட்டாசியமும் சோடியத்தின் உறவினர். புளூரினும் அயோடினும் குளோரினின் உறவினர். 1869-ஆம் ஆண்டில் ருஷ்ய அறிஞர் மெண்டலீவ், அன்று அறியப்பட்டிருந்த 63 தனிமங்களை அணு எடையின்படி வரிசைப்படுத்தியபோது, ஒத்த குணங்கள் முறைவைத்துத் திரும்பி வருவதைக் கண்டார். தனிமங்கள் குடும்பங்களாயின.

அவரது அட்டவணையில் சில கட்டங்கள் காலியாக இருந்தன. கையிலிருந்த தனிமங்களைக் கொண்டு அவர் அவற்றை அடைத்துவிடவில்லை. இனி வரவேண்டியவற்றுக்கென விட்டு வைத்தார். 1875-இல் காலியமும், 1879-இல் ஸ்காண்டியமும், 1886-இல் ஜெர்மானியமும் வந்து தத்தம் இடத்தில் அமர்ந்தன.

ஆனால் 1894-இல் ஆர்கான் வந்தது. எதனோடும் கூடாத அவ்வாயுவுக்கு எந்தக் குடும்பத்திலும் இடமில்லை. காலியிடம் விட்டு வைத்த மெண்டலீவே தயங்கினார். அது புதிய தனிமமன்று, மூன்று நைட்ரஜன் அணுக்களின் சேர்க்கையாக இருக்கலாம் என எண்ணினார். ஹீலியம், நியான், கிரிப்டான், செனான் எனச் சுற்றம் முழுவதும் தொடர்ந்து வரவே, 1900-ஆம் ஆண்டளவில் அவற்றுக்கெனப் புதிய நிரல் ஒன்று சேர்க்கப்பட்டது. அவரும் அதை ஏற்றார். அட்டவணை குலைந்துவிடவில்லை, முன்னிலும் முழுமை பெற்றது.

நாம் எதிர்பார்த்திருக்கும் விருந்தினருக்கு இலை போடுவது எளிது. எதிர்பாராதவர் வந்து நிற்கும்போதன்றோ நம் ஒழுங்கு சோதிக்கப்படுகிறது!

பாட்டு உரிமை மரபின்படி பட்டினவர் குடும்பங்களுக்கே உரியது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கு அவ்வரிசையில் இடமில்லை. இதை அநீதி என்று எளிதில் சொல்லிவிடலாகாது. அட்டவணையில் நிரல் ஒன்று கூடுவதால் சோடியத்துக்கு எவ்விழப்பும் இல்லை. ஏரியிலோ ஒரு வலை கூடினால் மற்ற வலைகளில் மீன் குறையும். வலைகளுக்கு வரம்பு இட்டதால்தான் ஏரியும் பிழைத்தது. ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. தனிமத்தின் இடத்தை அதன் இயல்பே தீர்மானிக்கிறது. மனிதன் பிறப்பால் பெறும் இடமோ மனிதர் வகுத்தது. மனிதர் வகுத்ததை மனிதர் திருத்தலாம்.

மீனவரை மட்டும் நோக்கி விரல் நீட்ட நமக்குத் தகுதியில்லை. தேர் வடம் பிடிப்பதிலும் திருவிழாச் சிறப்பிலும் இன்னார்க்கே உரிமை என்னும் பங்குகள் நம்மிடையே இல்லையா? கல்லறைத் தோட்டத்தையும் சாதிச் சுவரால் பிரித்த ஊர்கள் தமிழகத் திருச்சபையில் உண்டு. அங்கே எவருக்கும் மீன் குறையாது. குறைவது நம் பெருமை மட்டுமே. ஏரியின் வரம்புக்காவது ஒரு காரணம் உண்டு. இச்சுவருக்கு அதுவும் இல்லை.

லூக்கா நற்செய்தியின் விருந்து உவமையில், ஏழைகளும் ஊனமுற்றோரும் வந்து அமர்ந்த பின்னரும் இடம் மீந்திருந்தது. வழியோரத்தில் நின்றவர்களையும் அழைத்துவரச் சொன்னார் வீட்டுத் தலைவர். ஒழுங்கு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வரிசையில்லா ஏரியில் வலியவனே வலை கட்டுவான். ஆனால் வரிசைக்கு வெளியே நிற்பவரைக் கண்டால், அவர் ஏன் அங்கே நிற்கிறார் என்றேனும் கேட்போம். நம் முறை ஒரு நாள் தள்ளிப் போனாலும் போகட்டும்.