வாயில்லா அமானிதம்

ஆதரவற்றுக் கிடந்த வளர்ப்பு முயலொன்றை மீட்டு வீட்டுக்குள் வைத்துப் பேணுகிறோம். "உயிரை அடைத்து வைப்பது பாவமல்லவா? திறந்து விட்டுவிடலாமே!" என்கின்றனர் சிலர்.

பூனையை அடைத்துவைத்துச் சாகடித்த பெண் நரகம் புகுந்ததை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அவள் உணவும் அளிக்கவில்லை. தானே இரை தேடித் தின்னட்டும் என்று விட்டுவிடவும் இல்லை. ஆனால், அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் சிறுகுருவி வளர்த்ததை நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அதைப்பற்றி அன்போடு விசாரித்தார்கள். ஆகவே வளர்ப்பது குற்றமன்று, வாட்டுவதே குற்றம்.

அந்தப் பூனைக்கு இரண்டு வழிகள் இருந்தன. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த முயலுக்கோ ஒரே வழிதான். தெருவில் விட்டால் நாய்க்கு இரையாகும். விடுதலை என்ற பெயரில் அதைக் கைவிடுவதும் கொடுமையே.

முயலின் பற்கள் ஆயுள் முழுதும் வளர்பவை. புல்லை ஓயாமல் மென்றால்தான் தேயும். சோறும் பிஸ்கட்டும் அதற்கு ஆகா. நோயுற்றாலும் பெரும்பாலும் சத்தமிடாது. தீனி எடுக்காததைக் கண்டு நாம்தான் உணரவேண்டும். நன்கு பேணினால் 8, 10 ஆண்டுகளும் வாழும். பிள்ளைகளின் ஆசை பத்து நாளில் தீரலாம். நம் பொறுப்பு தீராது. இயலாதவர், பேண இயன்றவரிடம் ஒப்படைப்பதே அமானிதம் காப்பதாகும்.

வாயில்லா ஜீவனின் பசிக்கும் நம்மிடம் கேள்வி உண்டு. வல்ல அல்லாஹ் நமக்கு இரக்கமுள்ள நெஞ்சைத் தருவானாக! ஆமீன்.